ஒரே ஆள், இரண்டு கோப்பு

ஹூஸ்டனில் எங்கள் அப்பார்ட்மெண்டில் கீழ்வீட்டுப் பெண் ஹோண்டுராஸிலிருந்து வந்தவர். ஐந்து மாதக் கர்ப்பம். ஒரு தடவைகூட டாக்டரைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் விசா கேட்பார்களோ என்று பயம். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறைதான். ஆனாலும் கூட வருகிறேன் என்றேன்.

முதலில், பக்கத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று சொல்லும் 2-1-1 என்ற எண்ணுக்கு போன் செய்தோம். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், ஸ்பானிஷிலும் பேசலாம். வீட்டு ஜிப் கோடைச் சொன்னதும் பக்கத்திலிருக்கும் சமூக சுகாதார மையத்தையும் விக் அலுவலகத்தையும் சொன்னார்கள். விக் என்பது கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சத்துணவு தரும் திட்டம். அதற்குக் குடியுரிமை தேவையில்லை என்று போனில் கேட்ட பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மத்திய அரசின் நிதியில் நடக்கும் சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம். பணமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. முகவரிச் சான்றுக்குத்தான் அலைந்தோம். வாடகை ஒப்பந்தம் அவருடைய அண்ணன் பெயரில் இருந்தது. கடைசியில் அண்ணன் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அங்கே ஒரு விஷயம் மனதைப் பிசைந்தது. அம்மாவுக்கு ரத்தப்போக்கு உண்டா என்று கூட வந்த பத்து வயது மகளிடம் கேட்டார்கள். குழந்தை என்ன சொல்வாள்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். இப்படிப்பட்ட மையங்கள் இலவசமாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். 1964 சிவில் உரிமைகள் சட்டம் தந்த உரிமை அது. ஐந்தே நிமிடத்தில் போனில் ஒருவர் வந்துவிட்டார்.

இரண்டாவது முறை போனபோது, ரத்தப் பரிசோதனை முடிவு இல்லை என்றார்கள். ஹோண்டுராஸ்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. பதிவில் ஒன்று, ரத்தம் எடுத்த இடத்தில் இன்னொன்று. இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயரால் கூப்பிடப்பட்டுப் பழகிய எனக்கு உடனே புரிந்தது. மற்ற பெயரில் தேடச் சொன்னேன். கிடைத்தது. ஹீமோகுளோபின் மிகவும் குறைவு என்ற முடிவு இரண்டு வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. அன்றே இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அப்புறம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். எங்கே போனாலும் வாயால் சொல்லாமல் இதைக் காட்டுங்கள் என்றேன். விக் அலுவலகத்துக்கு அவர் தனியாகவே போனார். திரும்பி வந்து, அங்கே கொடுத்த காகிதத்தில் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டும் இருந்தன, சரியான வரிசையில்.