‘எழுதித் தருவார்’ என்றால் எழுதித் தந்தார் என்று அர்த்தமில்லை

போன வெள்ளிக்கிழமை வில்லங்கச் சான்று கைக்கு வந்தது. கடைசி வரியில் விடுதலைப் பத்திரம் (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவது) ஏறியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்த பிறகுதான் காபியே இறங்கியது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2007-ல் என் பெயரிலும் அப்போதைய கணவர் பெயரிலும் சேர்த்து வாங்கிய ஃபிளாட். 2011 நவம்பரில் பரஸ்பர சம்மத விவாகரத்து. வீட்டில் தன் பாதிப் பங்கை எனக்கு விட்டுத் தருவதாக அவரும், ஜீவனாம்சம் வேண்டாம் என்று நானும் கூட்டு மனுவில் கையெழுத்துப் போட்டோம். மீதி இஎம்ஐ எல்லாம் நானே கட்டி 2019-ல் லோனை முடித்தேன். வீட்டு வரி, கரண்ட் பில், அசோசியேஷன் சண்டை எல்லாம் என் தலையில்தான். அதனால் வீடும் என்னுடையது என்றே இருந்துவிட்டேன்.

2024 ஜனவரியில் விற்கப் போனபோது, வாங்க வந்தவருடைய வங்கியின் வக்கீல் கிரயப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, “இன்னொரு ஓனர் கையெழுத்து எங்கே?” என்று கேட்டார். முன்னாள் கணவருக்குப் போன் செய்தேன். “அதுக்கென்ன, வந்து போட்டுத் தர்றேன்” என்றார். பிப்ரவரியில் வந்தது அவர் இல்லை, அவருடைய வக்கீல் நோட்டீஸ்.

இன்றைய விலையில் பாதி, அதாவது 18 லட்சம் தர வேண்டும், இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கு. போதாததற்கு, தனக்கு வேலை இல்லையென்று இந்து திருமணச் சட்டம் 25-ம் பிரிவின்படி என்னிடமே நிரந்தர ஜீவனாம்சம் கேட்பாராம். நான் சிரித்துவிட்டேன். என் வக்கீல் அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பிரிவு கணவன், மனைவி இருவருக்கும் பொது. டிக்ரி (விவாகரத்து உத்தரவு) கொடுக்கும்போதும் கேட்கலாம், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். கிடைக்குமா என்பது வேறு விஷயம். இப்படி நோட்டீஸ் வந்தால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதில் போடாமல் விட்டால் நாளைக்கு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

பதில் எழுதப் பழைய பேப்பரைத் தேடினால், என்னிடம் இருந்தது டிக்ரி நகல் மட்டும். திருமணம் ரத்து என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டு விஷயமெல்லாம் கூட்டு மனுவிலும் தீர்ப்பிலும்தான் இருந்தது. அப்போது நடத்திய வக்கீல் இறந்துபோய்விட்டார். ஆபீஸையும் காலி செய்துவிட்டார்கள்.

சரி, கோர்ட்டில் நகல் மனு போடலாம் என்று போனேன். வழக்கு நடந்த சார்பு நீதிமன்றத்தில், “குடும்ப நல கோர்ட் வந்தப்பவே கேஸ் கட்டெல்லாம் அங்க போயிடுச்சும்மா” என்றார்கள். அங்கே போனால், “எங்க லிஸ்ட்ல இந்த நம்பரே இல்ல, பழைய கோர்ட்லயே கேளுங்க.” இப்படி மூன்று நடை, மூன்று நாள் லீவு. மூன்றாவது நாள், ஓய்வு பெறப் போகிற ஒரு உதவியாளர், “நம்பரை விடுங்க, பேரைச் சொல்லுங்கம்மா” என்று மாற்றல் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். 118 என்பதை 181 என்று டைப் செய்திருந்தார்கள். அவ்வளவுதான் சங்கதி. நம்பரில் சிக்கவில்லையென்றால் இரண்டு பேர் பெயரையும், டிக்ரி தேதியையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். நகல் கேட்கும்போதும் மனு, தீர்ப்பு, டிக்ரி என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

மூன்று வாரத்தில் நகல் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா ஒரு வரியின் கீழ் பேனாவை வைத்தார்: “விடுதலைப் பத்திரம் எழுதித் தருவார்.”

“தருவார்னுதான் இருக்கு. தந்தாரா?”

தரவில்லை, நானும் கேட்கவில்லை. மனுவின் நிபந்தனைகள் தீர்ப்பின் பகுதி என்று இருந்ததால் அதை நிறைவேற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கலாம். அதற்குக் காலக்கெடு 12 வருஷம். அது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வழக்கென்று போனால் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பது அவர் வக்கீலுக்கும் தெரியும். அவருடைய கையெழுத்துகளையும், என் சம்பளக் கணக்கிலிருந்து இஎம்ஐ போன பாஸ்புக்குகளையும் மேஜையில் பரப்பினோம். (வங்கியில் அவ்வளவு பழைய ஸ்டேட்மென்ட் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பழைய பாஸ்புக்கை எடைக்குப் போட விடாமல் பீரோவில் பூட்டி வைத்த அம்மாவுக்குக் கும்பிடு.) 18 லட்சம் 3 லட்சத்துக்கு இறங்கியது. அந்த மூன்றும் நியாயமில்லைதான். ஆனால் எனக்கு வீடு விற்றாக வேண்டும். இனி எந்தக் காலத்திலும் ஜீவனாம்சமோ பங்கோ கேட்பதில்லை என்று இரண்டு பக்கமும் தனியாக எழுதி வாங்கிக்கொண்டோம்.

கடைசிக் கூத்து சார்பதிவாளர் அலுவலகத்தில். டோக்கன் போட்டு, அவரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து, அசல் கிரயப் பத்திரத்தோடு போய் உட்கார்ந்தோம். பத்திரம் எழுதியவர் பழக்க தோஷத்தில் குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலை என்று போட்டிருந்தார். சார்பதிவாளர் நிமிர்ந்து, “என்ன உறவு?” என்றார்.

“முன்னாள் கணவர்.”

“அப்ப குடும்பம் இல்லையேம்மா.”

குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய். வெளியாள் என்றால் 7 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. பத்திரத்தில் அவருடைய பாதிப் பங்குக்குப் போட்ட மதிப்பு 14 லட்சம். ஆக, 14,000-த்தில் முடிய வேண்டியது 98,000 ஆனது. பதிவுக் கட்டணம் தனி. 2011-ல் டிக்ரி வருவதற்கு முந்தின நாள் இதே ஆபீஸுக்கு வந்திருந்தால் நாங்கள் குடும்பம். விவாகரத்துக்கு நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பத்திரத்தை முதலில் பதிந்துவிட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போங்கள்.

அன்று பதிவு நடக்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார். மறுபடி டோக்கன், மறுபடி பெங்களூர் பஸ், டிக்கெட் காசும் என் கணக்கில். இரண்டாவது தடவை கைரேகை, போட்டோ எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. 3 லட்சத்துக்கு எடுத்த டிடியை, அவர் கைரேகை வைத்த பிறகுதான் பையிலிருந்து வெளியே எடுத்தேன். அதற்கு முன் எடுக்காதே என்பது அக்காவின் கண்டிப்பான உத்தரவு.

முதலில் வந்த பார்ட்டி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வீடு வாங்கிப் போய்விட்டார். அடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்.

வில்லங்கச் சான்று வந்த அன்று ராத்திரி, எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற பேப்பர்களையும் எடுத்துப் பார்த்தேன். 2006-ல் போட்ட எல்ஐசி பாலிசியில் நாமினி இடத்தில் அவர் பெயர். திங்கள்கிழமை காலை முதல் ஆளாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அது கால் மணி நேர வேலை.