தமிழையா திருத்திய கல்யாணப் பத்திரிகைகள்

காரைக்குடிப் பக்கத்தில் நம் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழையா என்றதும் ஞாபகம் வருவது, அவர் மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள்தான். மூலையில் மஞ்சள் தடவிய ஒன்றை எடுத்து ஒரு மாணவனை வாசிக்கச் சொல்வார். அன்றைய இலக்கணம் அதிலிருந்து தொடங்கும்.

அதிகம் சிக்குவது 'திருநிறைச்செல்வன்', 'திருவளர்ச்செல்வி'. இரண்டிலும் 'ச்' கூடாது. திரு நிறைந்த, நிறைகிற, நிறையும் செல்வன் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை அது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதாவது நடுவில் க், ச், த், ப் கூடுதலாக வராது. நாங்கள் விழித்தால், "ஏன்டா தம்பி, அப்பத்தா போட்ட ஊறுகாயை ஊறுக்காய்னா கேட்டு வாங்குறே?" என்பார். ஊறின, ஊறுகிற, ஊறும் காய். சுடுசோறும் அப்படியே. அதற்குப் பிறகு யாருக்கு மறக்கும்?

'முயற்ச்சி'க்கும் அவரிடம் பதில் இருந்தது. மகிழ்ச்சி, வளர்ச்சியில் 'ச்' இரட்டிக்கலாம். ஆனால் ற், ட் இரண்டும் தமக்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்த மெய்யெழுத்து வந்து ஒட்ட விடாது. அதனால் முயற்சி, பயிற்சி, கட்சி. வணிகர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் 'கடைப்பிடி'யும் முக்கியம்: 'ப்' விட்டுப்போனால் கொள்கையைப் பின்பற்றுவது போய், வாடகைக்குக் கடை பிடிப்பதாகிவிடும்.

பேச்சை மட்டும் அவர் திருத்தியதே இல்லை. காத்து, நேத்து, ஆத்தங்குடிக் கல் எல்லாம் நம் ஊர் வாய்க்கு இயல்பு. எழுதும்போது காற்று, நேற்று என்று எழுதத் தெரிந்தால் போதும் என்பார். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று இப்போது புரிகிறது. வீட்டுப் பேச்சுக்கு வெட்கப்படாமல் நாங்கள் நல்ல தமிழ் கற்றோம்.

மகிபாலன்பட்டியில் பிறந்த தமிழறிஞர் பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியாரின் (1881–1953) பெயரைக் கரும்பலகையில் எழுதி, 'ஞ்' எப்படி வந்தது என்று கேட்பார். கதிரேசன் என்பதன் 'ன்', அடுத்து வரும் சகரத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது 'ஞ்' ஆகிறது. நம் பெரியவர்கள் பழைய பத்திரங்களில் கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான். இந்தத் தலைமுறையில் அது மறைந்து வருவது எனக்கு வருத்தம்.

சரி, ஒரு வேண்டுகோள். நம் மலர் இதழின் திருமணச் செய்திப் பக்கத்தில் அந்த வேண்டாத 'ச்' பல இடங்களில் வந்திருக்கிறது. இம்முறை அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.