புதிய கட்டடத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

மருத்துவமனையில் நோயாளிகள் கூடுகிறார்கள் என்றதும் எல்லோரும் கேட்பது புதிய கட்டடம். எனக்கு அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார் என்பது.

100 படுக்கை, ஒருவர் சராசரியாக 5 நாள் தங்குகிறார் என்றால், எல்லாம் நிரம்பினாலும் நாளுக்கு 20 பேரைத்தான் சேர்க்க முடியும். பரிசோதனை முடிவும் டிஸ்சார்ஜும் இழுத்தடிக்காமல் அதை 4 நாளாக்கினால் 25 பேர். ஒரு செங்கல்கூட வைக்காமல் 25 படுக்கை கூடியதற்குச் சமம். அதற்காக, குணமாகாதவரை வீட்டுக்குத் துரத்தக் கூடாது. அது கொடுமை.

எல்லாப் படுக்கையையும் எப்போதும் நிரப்பி வைப்பதைத் திறமை என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். திட்டமிடுபவர்கள் பலர் வைத்திருக்கும் எல்லை 85 சதவீதம். அதைத் தாண்டத் தாண்ட, அவசரப் பிரிவில் ஆட்கள் ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக் கிடப்பார்கள்.

சரி, கட்டித்தான் ஆக வேண்டுமா? கட்டடத்துக்கு வாங்கும் கடனோடு கணக்கை நிறுத்தாதீர்கள். சம்பளம், மருந்து, மின்சாரம், கருவிப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து சில வருடங்களிலேயே கட்டிய செலவைத் தாண்டிவிடும். தனியார் பணத்தில் பொதுக் கட்டடங்களைக் கட்டி, அரசு பல பத்தாண்டுகள் தவணை செலுத்தும் முறையை பிரிட்டன் 1992-இல் தொடங்கியது. 2018-இல், இனி புதிய ஒப்பந்தங்கள் இல்லை என்று அறிவித்தது. பழைய தவணைகள் இன்னும் போகின்றன.

அப்புறம் செவிலியர்கள். அனுபவமுள்ள செவிலியரை ஒரு வார்டைக் கட்டும் வேகத்தில் உருவாக்க முடியாது. அதற்கான பணம் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.