ஊற்றுத் தண்ணீர் வீட்டுக்கு: மோட்டர் சரி, புட்வால்வுதான் உயிரை எடுக்கிறது

ஊற்றுத் தண்ணீரை வீட்டுத் தாங்கிக்கு ஏற்ற எந்த மோட்டர் போடுவது என்ற கேள்வி முடிந்தது. புட்வால்வு, அதாவது உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு, அதன் விவகாரம் முக்கால்வாசி முடிந்தது. தாங்கிக்குத் தண்ணீர் ஏறுகிறது, அதுவும் வெயில் மட்டும் குடித்து ஓடும் ஒரு சின்ன மோட்டரில். "உந்தச் சின்னச் சாமானாலயோ தம்பி தண்ணி வரும்?" என்று கேட்ட பக்கத்து வளவு அண்ணை இப்போது தனக்கும் ஒன்று பார்க்கச் சொல்கிறார்.

எங்கள் இடம் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம். வளவுக்குள் குழாய்க்கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, ஆனால் சவர். கேத்திலில் வெள்ளைப் படை பிடித்து அடி தெரியாது, தேத்தண்ணீர் வேறு ருசி. நல்ல தண்ணீர் வருவது குளக்கட்டுக்குக் கீழ்ப்பக்கம், மருதமரத்தடி ஊற்றில். நாலடி அகலக் கொங்கிறீட் வளையம் இறக்கி வைத்திருக்கிறோம். அங்கிருந்து வீட்டுத் தாங்கிக்கு 120 மீற்றர் பைப். மேசன்மார் மட்டம் பார்க்கும் ரியூபைக் கடன் வாங்கிப் பார்த்ததில் ஊற்றின் தண்ணீர் மட்டத்திலிருந்து தாங்கியின் வாய் வரை 11 மீற்றர் உயரம்.

கடையில் போய் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதில்தான்: ஒரு எச்பி (குதிரைவலு) மோட்டர் போடுங்கோ. ஊற்று எவ்வளவு தரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் ஆவணிக் கோடையில் வாளியால் மட்டத்தை இறக்கிவிட்டுத் தடியில் அடையாளம் வைத்துப் பார்த்தேன். பத்து சென்ரிமீற்றர் திரும்ப ஏற 12 நிமிடம். நாலடி வளையத்தில் பத்து சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 113 லீற்றர், ஆக நிமிடத்துக்கு ஒன்பது லீற்றர் சொச்சம். வளையத்துக்குள் ஒரு மீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்தாலும், நிமிடத்துக்கு அறுபது லீற்றர் இழுக்கும் மோட்டர் அதை அரை மணித்தியாலம் முடிவதற்குள் வழித்துவிடும். அப்புறம் காற்றையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு, மோட்டர் அச்சில் கசிவை அடைக்கும் சீல் எரிந்து போகும். மாரியில் குளம் வான் பாயும்போது பார்த்துவிட்டு மோட்டர் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் கோடையில் இதுதான் நடக்கிறது.

ஆகவே ஊற்றின் வேகத்துக்கு ஓடுகிற மோட்டர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன், நிமிடத்துக்குப் பத்து லீற்றர் போதும். இதில் எதிர்பாராத லாபம் பைப்பில் வந்தது. நிமிடத்துக்கு 30 லீற்றரை முக்கால் இஞ்சிப் பைப்பில் 120 மீற்றர் தள்ளினால் உராய்வுக்கு மட்டும் 11 மீற்றர் உயரத்துக்கான அழுத்தம் போய்விடும், அதாவது இன்னொரு தாங்கி உயரம். ஒரு இஞ்சி என்றால் மூன்றரை மீற்றருக்குள், ஒன்றேகால் இஞ்சி என்றால் ஒரு மீற்றர்தான். அதே முக்கால் இஞ்சியில் பத்து லீற்றர் மட்டும் போனால் ஒன்றரை மீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய மோட்டர், பெரிய பைப், பெரிய செலவு என்று எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான். நான் முக்கால் இஞ்சியோடு நின்றுவிட்டேன்.

மண்ணெண்ணெய் மிசின் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, வயலுக்கு இறைத்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போன அன்றே அது கொட்டிலுக்குள் போய்விட்டது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையைப் பார்த்த ஐயா எரிபொருளை நம்பி எதையும் தொடங்க விடமாட்டார், அதுவும் ஒரு காரணம். கரண்ட் இழுக்கலாம், ஆனால் வயல் வரம்பு வழியே 120 மீற்றர் வயர், அதுவும் யானை நடக்கிற பாதையில். மலையகத்துச் சிநேகிதன் ஒருவன் சிரிக்கிறான், அவனுக்குப் பீலித் தண்ணீர் மோட்டரே இல்லாமல் ஹோசில் இறங்கி வருகிறது. ராம் பம் போடு, கரண்டும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம் என்கிறான். தண்ணீர் விழுகிற வேகத்தாலேயே கொஞ்சத் தண்ணீரை மேலே தள்ளும் நல்ல சாமான்தான், ஆனால் அது விழுவதற்கு ஒரு சரிவு வேண்டும், ஓடிப்போக மிச்சத் தண்ணீரும் வேண்டும். வன்னியின் தட்டை நிலத்தில் இரண்டுமே இல்லை.

மிஞ்சியது சோலார். நிமிடத்துக்குப் பத்து லீற்றரைப் பன்னிரண்டரை மீற்றருக்கு (உயரம் 11, உராய்வு ஒன்றரை) தூக்குவதற்கு, வேலையை மட்டும் கணக்கெடுத்தால், இருபது வாட்தான் தேவை. சின்ன மோட்டர்கள் அதில் ஐந்து மடங்கு தின்னும் என்று வைத்து இரண்டு நூறு வாட் பனல், 24 வோல்ட் மோட்டர், பற்றரி கிடையாது. வெயில் நன்றாக எறிக்கும் ஐந்து மணித்தியாலத்தில் 2,800 லீற்றர் போல வருகிறது. ஐந்து பேர், இரண்டு மாடு, கத்தரிப் பாத்தி எல்லாவற்றுக்கும் போதும். ரப்பர் சவ்வு அசைந்து இறைக்கும் டயாபிரம் மோட்டர் தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆனால் எங்கள் ஊற்றில் அடியிலிருந்து நுண்மணல் எழும்பிக்கொண்டே இருக்கும், அதன் வால்வுகள் தாங்காது. தண்ணீருக்குள் இறக்கும் மோட்டரையும் அதே மணலுக்குப் பயந்துதான் விட்டேன். மேலே வைக்கும் சாதாரண மோட்டரையே எடுத்தேன், தண்ணீரிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில். உறிஞ்சலுக்கு ஏழு மீற்றர் வரை போகலாம் என்பதால் அதில் பயமில்லை.

சரி, புட்வால்வுக்கு வருவோம். மாலையில் ஓடி நின்ற மோட்டர் காலையில் வெறும் சத்தம் மட்டும் போடும். பைப்பெல்லாம் வெறுமை. மூடியைத் திறந்து தண்ணீர் விட்டு எடுக்க வேண்டும், வேலைக்குப் போகிற நேரத்தில்.

உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டருக்குச் சற்று முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ்) போடுங்கள், இதைவிட மலிவான வைத்தியர் கிடையாது. ஓடும்போது அதில் குமிழி ஓடினால் மூட்டில் காற்று. குமிழியே இல்லாமல் நிறுத்தினபின் இறங்கினால் புட்வால்வு. என்னுடையது இரண்டாவது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் வாசரின் விளிம்பில் கடுகளவு மணல், அதைச் சுற்றி ஒரு நகக்கீறல் போலத் தடம். பிளாஸ்டிக் புட்வால்வில் அந்த மூடி தன் பாரத்தால் மட்டும் விழுகிறது, ஸ்பிரிங் இல்லை. விற்ற கடைக்காரர் "இது வாழ்நாள் முழுக்க நிற்கும்" என்றார், யாருடைய வாழ்நாள் என்று கேட்டிருக்கலாம். கடைசியில் வவுனியாவில் ஸ்பிரிங் வைத்த பித்தளை வால்வு கிடைத்தது, விலை இரண்டு மடங்குக்கு மேல்.

மணல் வராமல் இருக்க முதலில் நுளம்பு வலை சுற்றிப் பார்த்தேன், பாசி பிடித்து அடைத்துவிட்டது. இப்போது பெயின்ற் வாளியில் சுற்றிலும் துளை போட்டு, உள்ளே புட்வால்வை வைத்துக் கழுவின சல்லி நிரப்பி, அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டியிருக்கிறேன். அதோடு மோட்டருக்கு மேலே, தாங்கிக்குப் போகும் பக்கம், இன்னொரு ஒருவழி வால்வு. 11 மீற்றர் தண்ணீரின் பாரம் கீழ் வால்வில் ஏறாது. மேலே அடைபட்டு, காற்றுப் புகவும் வழி இல்லையென்றால், கீழ் வால்வு கொஞ்சம் கசிந்தாலும் தண்ணீர் இறங்காது, இளநீர் ஸ்ட்ரோவின் மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்குவது போல. இப்போது காலையில் கண்ணாடி ஹோசில் நாலு விரல் அளவு காற்று மட்டும் நிற்கிறது, மோட்டர் அதை விழுங்கிக்கொண்டு எடுத்துவிடுகிறது. அந்த நாலு விரலும் மோட்டர் சீல் வழியாகத்தான் வருகிறது என்பது என் சந்தேகம்.

தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டரை நிறுத்தும் மிதவை சுவிட்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீர் மாதிரி கொடுக்க வேண்டும், அதுவரை கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். பைப் இன்னும் நிலத்துக்கு மேலேதான் கிடக்கிறது, பன்றி ஒரு இடத்தில் கிண்டி மூட்டை இழுத்துவிட்டது. காலபோக விதைப்புக்கு உழவு தொடங்க முன்னமே இரண்டடி ஆழத்தில் தாழ்க்க வேண்டும். பனலுக்கு மேல் ஏறி இருக்கிற குரங்குக்கு என்ன செய்வது என்று யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கோ, முள்ளுக்கம்பி ஏற்கெனவே சுற்றியாச்சு, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது.