போன வருஷப் பேப்பர் எங்க அண்ணாச்சி?

நான் டாக்டர் இல்ல. மொதல்ல இத சொல்லிருதேன், ஏன்னா கேம்புக்குப் போனா எல்லாரும் டாக்டரம்மான்னுதான் கூப்பிடுதாங்க, எத்தன தடவ திருத்தினாலும் அடுத்த ஆளு வந்து "டாக்டரம்மா, மூட்டுவலிக்கு ஒரு மாத்திர எழுதுங்க"ம்பாரு. என் வேல ஸ்பைரோமீட்டர்ல, அதான் நுரையீரல் எவ்வளவு காத்த வெளிய தள்ளுதுன்னு அளக்க மிஷினுல, ஊதச் சொல்லி அளவு எடுக்கது, அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலருந்து வெள்ளன ஆறு மணிக்கு வேன் கெளம்பும். ராதாபுரம் பக்கமோ அம்பை பக்கமோ ஏதாவது ஒரு கல்லுப் பொடிக்க கிரஷரு, இல்ல ரைஸ் மில்லு, அங்க உள்ள ஆளுகளுக்கு டெஸ்ட் முடிச்சிட்டு பொழுதடையத் திரும்பணும். பதினோரு வருஷமாச்சு.

டெஸ்டு சின்ன டெஸ்டுதான், ஆனா ஆளு ஒத்துழைக்கலன்னா மிஷினு என்ன செய்யும். ரத்தம்னா நாமளே குத்தி எடுத்துரலாம், மூச்ச அவரு தந்தாத்தான் உண்டு. நெஞ்சு நெறைய இழுத்து, குழாயக் கவ்வி, படார்னு விட்டு, அப்படியே ஆறு செகண்டாவது நிறுத்தாம விட்டுக்கிட்டே இருக்கணும். "ஊதுங்க"ன்னு சொன்னா ஊதாங்குழல வெச்சு அடுப்பூதுத மாதிரி மெதுவா ஊதுவாங்க. சில பேரு கன்னத்த உப்பிக்கிட்டு கோயில்ல சங்கு ஊதுத மாதிரி. வேலைக்குச் சேந்த புதுசுல நான் பாதியில நிறுத்திராதீங்கங்குத அர்த்தத்துல "விடாதீங்க அண்ணாச்சி, விடாதீங்க"ன்னு கத்துவேன், அவரு பாவம் மூச்ச விடாதீங்கன்னு எடுத்துக்கிட்டு அப்படியே அடக்கிக்கிட்டு கண்ணு பிதுங்க என்னையப் பாப்பாரு. இப்ப "தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க, அடி வயித்துலருந்து தள்ளுங்க"ன்னுதான். பக்கத்துல நிக்க டிரைவரு, பிரசவ வார்டு மாதிரி இருக்குன்னு சிரிப்பாரு.

மூணு தடவ ஒழுங்கா ஊதணும், அதுல நல்லா வந்த ரெண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள்ள இருக்கணும், இல்லன்னா திரும்ப, எட்டு தடவ வரைக்கும். அஞ்சாவது தடவைக்கே தல சுத்துதுன்னு உக்காந்துருவாங்க. ஹெர்னியா இருந்தாலோ கண் ஆபரேஷன் முடிஞ்சு நாளாகலன்னாலோ ஊத விட மாட்டேன்.

பொய்யும் நெறைய வரும். சட்டைப் பையில பீடிக்கட்டு தெரியும், "எப்பமாவது ஒண்ணு"ம்பாரு. அது கூட பரவாயில்ல. இருமல் உண்டா, சளி உண்டான்னு கேட்டா மேஸ்திரி நிக்க பக்கமா ஒரு பார்வ போகும், அப்புறம் "ஒண்ணுமில்ல". இருமல் இருக்குன்னு எழுதினா நாளைக்கு வேல இருக்காதுன்னு பயம். அதனால கேள்வி கேக்க முன்னாடி மேஸ்திரிய டீ சொல்லிட்டு வரச் சொல்லி அனுப்பிருவேன். அந்தப் பத்து நிமிஷத்துலதான் "ராத்திரி படுத்தா நெஞ்சு அடைக்கு தாயி"ங்குத பேச்சு வரும்.

எங்க தாத்தா ஒரு பஞ்சாலையில வேல பாத்தவரு. ஞாயித்துக்கெழம நல்லா இருப்பாரு, திங்கக்கெழம வேலைக்குப் போயிட்டு வந்தா நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்பாரு, ஆச்சி ஞாயித்துக்கெழம கறி தின்ன வாயுன்னு ஓமத்தண்ணி குடுப்பா. நான் இந்த வேலைக்குப் படிக்கும்போதுதான் பஞ்சுத்தூசுல வாரத்து மொத நாளு நெஞ்சு இறுக்கும், அதுக்கு பிஸினோசிஸ்னு பேரு இருக்குன்னு தெரியும். தாத்தா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு.

கிரஷருல தூசு வேற மாதிரி. துண்டக் கட்டிக்கிட்டா போதும்னு நெனைக்காங்க. கண்ணுக்குத் தெரியுத தூசு மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுரும், கண்ணுக்குத் தெரியாத பொடிதான் துண்டத் தாண்டி நுரையீரல் அடி வரைக்கும் போவும். கல்லுல இருக்க சிலிக்கா அங்க தழும்பு போட்டா போட்டதுதான், மருந்து கெடையாது, சிலிகோசிஸ்ம்பாங்க. டிபி வேற எளிசா ஒட்டும். 1948 ஃபேக்டரி சட்டத்துலயே சிலிகோசிஸ்னு டாக்டர் கண்டா ஃபேக்டரி சீஃப் இன்ஸ்பெக்டருக்கு எழுதணும்னு போட்டிருந்தாங்க. கல்லு உடைக்க குவாரிக்கு 1952 மைன்ஸ் சட்டம், அதே கல்லப் பொடிக்க கிரஷருக்கு ஃபேக்டரி சட்டம்னு தனித்தனியா இருந்துச்சு. தூசுக்கு இதெல்லாம் தெரியுமா. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சொளவ மடியில வெச்சு வீட்டுலயே புகையிலத் தூசுல பீடி சுத்துத அக்காமாரு இருக்காங்களே, அவங்க வாசல்ல எங்க வேனு ஒரு நாளும் நின்னதில்ல.

2022-ல ஒரு கிரஷருல நடந்தது இது. கொரோனா நேரத்துல ஊதுத டெஸ்ட நிப்பாட்டி வெச்சிருந்து மறுபடி ஆரம்பிச்ச சமயம். அம்பது வயசுக்காரரு ஒருத்தரு ஊதினாரு, 3.3 லிட்டர் மூச்சு, அவரு வயசுக்கும் ஒயரத்துக்கும் இருக்க வேண்டியதுல 87%. எண்பதுக்கு மேலன்னா நார்மல். நானும் நார்மல்னு எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டேன். அவரு எந்திரிக்கல. "போன தடவ இதவிட கூட இருந்துச்சேம்மா"ன்னு பர்ஸுலருந்து ஒரு பேப்பர எடுத்தாரு. முன்னாடி வேல பாத்த எடத்துல 2018-ல எடுத்தது. மிஷினு பேப்பரு பஸ் டிக்கெட் மாதிரிதான், நாளானா எழுத்து அழிஞ்சிரும், அதுல வேர்வையும் சேந்து மஞ்சளாக் கெடந்துச்சு. வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தா 4.1.

நாலு வருஷத்துல 800 மில்லி. வயசானா எல்லாருக்கும் கொறையும், ஆனா வருஷத்துக்கு 30 மில்லி போலதான். அன்னிக்கும் நார்மல், இன்னிக்கும் நார்மல், நடுவுல ஒரு முக்கா லிட்டர் மூச்ச காணோம். நான் மறுபடி ஊதச் சொன்னேன், என் மேலதான் தப்போன்னு காத்தளவு தெரிஞ்ச பெரிய சிரிஞ்ச வெச்சு மிஷினையும் செக் பண்ணேன், அதே 3.3. டாக்டர்ட்ட சொல்லி எக்ஸ்ரேக்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக் குடுத்தேன். போனாரான்னு தெரியல. அடுத்த வருஷம் அங்க போனா பாதி ஆளு புது ஆளு.

ரிப்போர்ட்டு முழுக்க ஆபீஸ் ஃபைலுக்குத்தான் போவும், ஆளு வேல மாறினா ஃபைலு கூட வராது. அதுலருந்து நான் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பிரிண்ட் எடுத்து ஒண்ண கையில குடுத்து "பத்திரமா வெச்சிருங்க, எங்க வேலைக்குப் போனாலும் கொண்டாங்க"ன்னு சொல்லுதேன். லேட் ஆகுதுன்னு டிரைவருக்கும் மேஸ்திரிக்கும் கடுப்பு.

போன மாசம் ஒரு அண்ணாச்சி நான் கேக்க முன்னாடியே சிரிச்சிக்கிட்டே ஒரு கவர நீட்டினாரு. "நீங்க சொன்ன மாதிரியே பத்திரமா வெச்சிருக்கேன், முப்பது ரூவா குடுத்து லேமினேஷன் போட்டுட்டேன்." வாங்கிப் பாத்தா ஓரத்துலருந்து ஓரம் வரைக்கும் கன்னங்கரேல்னு இருக்கு, அந்தப் பேப்பரு சூடு பட்டா கறுத்துப் போவும், அத நான் அவருகிட்ட சொல்லல. அவரு இன்னும் சிரிச்ச முகமா நிக்காரு. நான் பையில கெடந்த என் பழைய டைரிய எடுத்து, "போன தடவ எந்த மாசம் ஊதினீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.