ஷாஃப்டில் எத்தனை பைப்?

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் தரைத்தளமும் மேலே மூன்று மாடியும் கட்டுகிறவர் ‘பிளம்பிங்ல கொஞ்சம் குறைங்க’ என்றால், காண்டிராக்டர் முதலில் கைவைப்பது பைப்பின் கனத்தில். 110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு டைப் பி, அதாவது குறைந்தது 3.2 மி.மீ. கனம் வேண்டும். மழைநீருக்கும் வென்ட்டுக்கும் (காற்றுக் குழாய்க்கும்) உரிய டைப் ஏ-யின் கனம் 2.2 மி.மீ.தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கிளாம்ப் விட்டுப்போன இடத்தில் டைப் ஏ தொய்ந்து, ஜாயின்ட் கசியும்போது வித்தியாசம் தெரியும்.

காசு கரைவது பைப்பின் எண்ணிக்கையிலும் அது சுற்றும் தூரத்திலும். பைலா என்கிற ஊரின் கட்டட விதியைத் திருத்துவதானால் அங்கேதான் திருத்த வேண்டும்.

பழைய இரட்டைக் குழாய் முறையில் கக்கூஸ் கழிவுக்கு ஒன்று, குளியல் தண்ணீருக்கு ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி வென்ட் என்று ஒரே ஷாஃப்டில் (பைப்புகள் இறங்கும் சந்தில்) நாலு பைப் இறங்கும். குளியல் தண்ணீர், நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேக்கும் கல்லி ட்ராப் வழியாக, தரையடித் தொட்டியான சேம்பருக்குப் போய், அங்கே கக்கூஸ் கழிவோடு கலந்துவிடும். எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) உள்ள அடுக்ககத்திலும் இதே கதைதான்: தனித்தனியாக இறக்கி, கீழே ஒன்றாக்கி, சுத்திகரித்து, வேறொரு லைனில் ஃப்ளஷ் டேங்குக்கு ஏற்றுகிறோம். குளியல் தண்ணீரைத் தனியே பிடித்துத் தோட்டத்துக்கு விடுகிற வீட்டுக்குத்தான் இரண்டு இறக்கம் அவசியம். இந்த உயரத்துக்கு மற்றவர்களுக்கு, இரண்டு கழிவும் ஒரே பைப்பில் இறங்கி அதுவே வென்ட்டாகவும் இருக்கும் ஒற்றைக் குழாய் போதும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 9-ஆம் பகுதியில், அந்த முறையை ஏற்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பு வெறும் பரிந்துரை. ஊர் பைலாவில் ஏறினால்தான் சட்டம்.

ஒற்றைக் குழாய்க்கு அனுமதி தரும் திருத்தம் ஒரே வரியில் முடியக்கூடாது. பாத்ரூம்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நேரே அமைய வேண்டும். கிளைக்குழாய் குட்டையாக இருக்க வேண்டும். நடுவில் வளைக்கக் கூடாது. மேல்முனை மொட்டைமாடிக்கு மேலே திறந்திருக்க வேண்டும். ‘அண்ணே, பீம் குறுக்க வருது, கொஞ்சம் திருப்பிக்கலாமா?’ என்று பிளம்பர் பையன் கேட்கும்போதுதான் வினை தொடங்குகிறது. மூன்றாம் மாடியில் ஃப்ளஷ் செய்தால், விழும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். காற்று வரும் வழி சரியில்லையென்றால் பக்கத்து பாத்ரூம் தரையின் நஹானி ட்ராப்பில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் 50 மி.மீ. தண்ணீரைக் ‘களக்’கென்று உறிஞ்சிவிடும். மறுநாள் நாற்றம், அப்புறம் கரப்பான். அடிவளைவில் நடப்பதோ நேரெதிர்: தண்ணீர் சட்டென்று திரும்ப முடியாமல் தேங்கி, காற்றை மேலே தள்ளி, தரைத்தள ட்ராப்பில் சோப்பு நுரை பொங்கும். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி வளைவு இரண்டு. தரைத்தள பாத்ரூம் தனியாகச் சேம்பருக்கு. இந்த இரண்டையும் மேஸ்திரியின் விருப்பத்துக்கு விடாமல் பைலாவிலேயே எழுதிவிட வேண்டும்.

பைப்பைவிடப் பெரிய செலவு, பைப்பைப் புதைக்க பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாப். 5-க்கு 7 அடி பாத்ரூமை 1 அடி இறக்கினால் 35 கன அடி பள்ளம். செங்கல் ஜல்லியும் கலவையும் போட்டு நிரப்பினால் ஒன்றரை டன்னுக்கு மேல்; அதைத் தாங்க ஸ்லாபிலும் பீமிலும் கம்பி கூடும். உள்ளே ஜாயின்ட் கசிந்தால் ஜல்லி முழுக்க ஊறிய பிறகே கீழ்வீட்டு சீலிங்கில் திட்டு தெரியும். டைல்ஸை உடைக்காமல் வழியில்லை. பைப்பை ஸ்லாபுக்குக் கீழே தொங்கவிட்டு ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்தால் இந்தப் பாடு இல்லை. மேல்வீட்டுக் கழிவு தன் தலைக்கு மேல் ஓடுவதை நம்மவர்கள் லேசில் ஒப்புவதில்லை, அது வேறு விஷயம்.

தண்ணீர் வரும் லைனின் சைஸ் கணக்குக்கு மூலம், 1940-இல் ராய் ஹன்டர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் வகுத்தது. ஆள் வரிசையில் நிற்கும் கழிப்பறைக்கும் அன்றைய பெரிய ஃப்ளஷுக்கும் போட்ட கணக்கு அது. இன்று டூயல் ஃப்ளஷ் 6 லிட்டரும் 3 லிட்டரும்தான். 2024 மார்ச் நெருக்கடியில் பெங்களூர் குடிநீர் வாரியம் அடுக்ககங்களுக்கு, குழாய் வாயில் தண்ணீரைக் குறைத்து விடும் ஏரேட்டரையும் கட்டாயமாக்கியது. பம்ப் அழுத்தத்தில் ஓடும் அடுக்ககத்தில், கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, மெயின் லைனை ஒரு சைஸ் குறைக்க இடம் உண்டு. ஓவர்ஹெட் டேங்கை நம்பிய மேல்மாடிக்கு இது ஆகாது. டேங்கிலிருந்து ஷவர் வரை 2 மீட்டர் உயரம் என்றால் அழுத்தம் 0.2 பார். அங்கே சைஸைக் குறைத்தால் ஷவர் சொட்டும்.

சோதனையில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. பூச்சுக்கு முன்னால், தண்ணீர் வரும் சிபிவிசி லைனை வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கழிவு லைனின் அடியை அடைத்து, மாடிமாடியாகத் தண்ணீர் நிரப்ப வேண்டும். பாத்ரூம் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் கட்ட வேண்டும். இதற்கான சான்று இல்லாமல் கழிவுநீர் இணைப்பு கிடையாது என்பதையும் அதே திருத்தத்தில் சேர்க்க வேண்டும்.