கப் செவ்வாய்: முதலில் யாரை அடிப்பது

நவம்பர் முதல் செவ்வாய் நெருங்கினால் மெல்போர்னில் எனக்குத் திடீர் மவுசு வந்துவிடும். வருஷம் முழுக்கக் குதிரைப் பக்கமே திரும்பாதவர்கள்கூட வாட்ஸாப்பில் வந்து, "அண்ணே, கப்புக்கு எது?" என்று ஒரே வரியில் கேட்பார்கள், ஒரே வரியில் பதிலும் வேண்டும். கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மெல்போர்ன் கப்பில் 24 குதிரைகள் 3200 மீட்டர் ஓடுகின்றன, அதுவும் ஹேண்டிகேப். போதாததற்கு, கடைசிப் பட்டியலும் கேட் நம்பரும் (எந்தக் கதவிலிருந்து குதிரை கிளம்பும் என்பது) முந்தைய சனிக்கிழமை டெர்பி நாள் ரேஸ்கள் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அதற்கு முன்னாலேயே பேர் சொல்கிறவர் வாயால்தான் பந்தயம் கட்டுகிறார்.

அதனால் இப்போதைக்கு என்னிடம் பேர் கிடையாது. பட்டியல் வந்ததும் பேனாவை எடுத்து எதையெல்லாம் அடிப்பேன், எதை விட்டுவைப்பேன் என்று சொல்கிறேன். இந்த ரேஸில் ஜெயிக்கிற குதிரையைத் தேடக் கூடாது. ஜெயிக்க வாய்ப்பில்லாததை அடித்துக்கொண்டே வர வேண்டும், மிச்சம் நிற்கிற நாலைந்தில் ரேட், அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் திரும்ப வருகிற பணம், எதற்கு நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் முறை அவ்வளவுதான்.

முதலில் எடை. ஹேண்டிகேப் என்றால் பெரிய குதிரைக்குப் பெரிய பாரம். ஜாக்கியும் சேணமும் சேர்ந்தும் எடை குறைந்தால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைத்துச் சரிக்கட்டி விடுவார்கள். 24 குதிரையும் ஒரே மூச்சில் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதுதான் எடை போடுகிறவரின் கனவு. 1890ல் கார்பைன் ஏறக்குறைய 66 கிலோ சுமந்து 39 குதிரைகளை வைத்து ஓடிய கப்பை ஜெயித்தது, 1930ல் ஃபார் லாப் 62.5 சுமந்தது, அதெல்லாம் புராணக் கதை. நம் காலத்தில் மக்காய்பி திவா 2005ல் 58 கிலோவோடு மூன்றாவது முறையாகத் தொடர்ந்து ஜெயித்தது, அதற்குப் பிறகு அந்த எடையைச் சுமந்து ஜெயித்த குதிரையை நான் பார்க்கவில்லை. 2022ல் கோல்ட் டிரிப் 57.5 வரை வந்தது. ஆக 58க்கு மேல் இருப்பது எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் என் பேனா முதலில் அங்கேதான் போகும். மேலே ஒன்றிரண்டு பேர் போய்விடும், அவை பெரும்பாலும் பேப்பரில் படம் வருகிற குதிரைகளாகவே இருக்கும்.

அடுத்தது தூரம். இதில்தான் கூட்டம் ஏமாறும். ஆஸ்திரேலியாவில் வேகக் குதிரைக்குத்தான் மரியாதை, 1200, 1600 மீட்டருக்குத்தான் இங்கே வளர்ப்பே. 3200 ஓடிப் பழகிய உள்ளூர்க் குதிரை அபூர்வம். 1993ல் அயர்லாந்திலிருந்து வின்டேஜ் கிராப் வந்து ஜெயித்தபோதுதான் இங்கே பலருக்குக் கண் திறந்தது. அப்புறம் ஜப்பானின் டெல்டா ப்ளூஸ் 2006, ஃபிரான்ஸின் அமெரிக்கான் 2010, துனாடன் 2011, ஜெர்மனியின் புரொடெக்ஷனிஸ்ட் 2014, இங்கிலாந்தின் கிராஸ் கவுன்டர் 2018 என்று வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நான் பார்ப்பது 2400 மீட்டர் ரேஸில் கடைசி 400 மீட்டரைக் குதிரை எப்படி ஓடியது என்பதை. ஜெயித்ததா தோற்றதா என்பது இரண்டாம் பட்சம். கோடு தாண்டிய பிறகும் நிற்க மனசில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததா? அப்படியானால் இருக்கட்டும். முன்னால் வந்து கடைசி நூறு மீட்டரில் தலையை ஆட்டத் தொடங்கியதா? அடி.

ரத்தத்தை மட்டும் நம்பி அடிக்காதீர்கள், அதுவும் சொல்லிவிடுகிறேன். 2024ல் ஜெயித்த நைட்ஸ் சாய்ஸ், எக்ஸ்ட்ரீம் சாய்ஸின் வாரிசு. அப்பன் 1200 மீட்டரில் பேர் வாங்கிய சுத்தமான ஸ்பிரின்டர். மெல்போர்ன் கப்புக்கு முந்தைய ஓட்டத்தில், பெண்டிகோ கப்பில், நைட்ஸ் சாய்ஸ் ஐந்தாவது. பிள்ளை 3200 ஓடும் என்று சொல்ல எந்தப் புத்தகமும் இடம் கொடுத்திருக்காது. அன்றைக்கு அது ஜப்பானின் வார்ப் ஸ்பீடை மூக்கு முனையில் முந்தியது, ரேட் 90 டாலர் அளவுக்கு இருந்தது. டிரெய்னர்களில் ஒருவரான ஷீலா லாக்ஸன் 2001ல் இதீரியலை வைத்து இதே கப்பைத் தூக்கியவர். பெரிய ரேட்டில் நிற்கிற குதிரையை அடிப்பதற்கு முன்னால் டிரெய்னர் பேரை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கடைசி ஓட்டம் எங்கே என்பது மூன்றாவது. அக்டோபரில் காக்ஸ் பிளேட் 2040 மீட்டர், கால்ஃபீல்டு கப் 2400, ஜீலாங் கப் அதே 2400. ஜீலாங் ஊருக்கு வெளியே நடக்கிற சின்ன கப்தானே என்று நினைக்கலாம், ஆனால் மீடியா பஸில், அமெரிக்கான், துனாடன் மூன்றும் அங்கே ஜெயித்துவிட்டுத்தான் மெல்போர்ன் கப் ஓடுகிற ஃபிளெமிங்டன் மைதானத்துக்கு வந்தன. கால்ஃபீல்டு ஜெயித்ததை அப்படியே அடித்துவிடு, இரண்டு கப்பையும் ஒரே குதிரை எடுக்காது என்றுதான் ரொம்ப நாள் பேச்சு. இதீரியல் 2001ல் இரண்டையும் எடுத்த பிறகு 22 வருஷம் யாருக்கும் கைகூடவில்லை, பேச்சுக்கும் நியாயம் இருந்தது. 2023ல் விதவுட் எ ஃபைட் உடைத்தது, 2025ல் ஹாஃப் யுவர்ஸ், மேலே ஜேமி மெல்ஹாம், மறுபடியும் உடைத்தது. அதனால் கால்ஃபீல்டு ஜெயித்த குதிரைக்கு எடை கூடினாலும் இந்த வருஷம் என் பட்டியலில் இடம் உண்டு. இருந்தாலும் என் மனசுக்குப் பிடித்தது கால்ஃபீல்டில் நாலாவது ஐந்தாவதாக, பின்னாலிருந்து மூச்சு விடாமல் வந்து முடித்த குதிரைதான். ரேட் கொஞ்சம் நன்றாக இருக்கும், எடையும் ஏறியிருக்காது.

கேட் நம்பர் பற்றி சனிக்கிழமை ராத்திரி டிவியில் ஒரு சோக நாடகமே நடக்கும். 20க்கு மேல் கேட் விழுந்த டிரெய்னரைப் பார்த்தால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிளெமிங்டன் ஒரு சுற்று 2312 மீட்டர், ரேஸ் 3200. அதாவது கிளம்பிய இடத்திலிருந்து முதல் தடவை கோட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஏறக்குறைய 900 மீட்டர் நேர்ப் பாதை. புத்தியுள்ள ஜாக்கிக்கு உள்ளே நுழைந்து இடம் பிடிக்க அது தாராளம். 18ஆம் கேட்டிலிருந்து ஒரு குதிரையும் ஜெயித்ததே இல்லை என்று வருஷாவருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2021ல் வெரி எலிகன்ட் அதே கேட்டிலிருந்து கிளம்பி ஃபேவரிட்டான (அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை) இன்சென்டிவைஸை நாலு லெங்த்தில், அதாவது நாலு குதிரை நீளத்தில், முந்தியது. ஆபத்து கேட்டில் இல்லை. திருப்பத்தில் மூன்று நாலு குதிரைக்கு வெளியே, முன்னால் மறைப்பே இல்லாமல் காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு ஓடுவதில்தான் இருக்கிறது. அந்தக் குதிரை கடைசி 450 மீட்டர் நேருக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஜாக்கி விஷயத்தில் ஒன்று மட்டும் கவனிப்பேன்: யார் எதை விட்டுவிட்டு எதில் ஏறுகிறார். 2022ல் கோல்ட் டிரிப் மேல் ஏறி ஜெயித்தவர் மார்க் ஸாரா. மறு வருஷம் அதே குதிரை பட்டியலில் இருந்தும் அவர் விதவுட் எ ஃபைடைத் தேர்ந்தெடுத்தார். ஜெயிப்பு கொடுத்த குதிரையை விட்டு ஒருவர் இறங்குகிறார் என்றால் அதைவிடப் பெரிய டிப்ஸ் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதே 2023ல் ஊரெல்லாம் வாபன், வாபன் என்று கத்தியது. காரணமும் இருந்தது: இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட்டில் ஏழரை லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்த குதிரை, வில்லி மல்லின்ஸ் டிரெய்னர், மேலே ரயன் மூர். ஃபேவரிட்டாக ஓடி 14ஆவதாக முடித்தது. உஷ்ணம் ஏறிய பகல், இறுகிய தரை. அயர்லாந்து மழையில் வளர்ந்த குதிரைக்கு அது என்ன செய்யும் என்று ரேட்டில் யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

தரை என்றதும் மழை. மெல்போர்னில் ஒரே நாளில் நாலு பருவமும் வரும். ஆனால் ஃபிளெமிங்டன் மண் தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும், காலையில் சேறாக இருந்தது மூன்று மணி ரேஸுக்குள் பாதி காய்ந்திருக்கும். அதனால் மழை வந்தால்தான் ஜெயிக்கும் என்கிற குதிரையை செவ்வாய் மதியம் வரை அடிக்கவும் மாட்டேன், பணம் கட்டவும் மாட்டேன்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. 2014ல் ஃபேவரிட்டாக ஓடிய அட்மையர் ரக்தி ரேஸ் முடிந்து கொட்டடியில் செத்தது. 2020ல் ஆன்டனி வான் டைக் ஓடும்போதே கால் உடைந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்கு சிடி ஸ்கேன், கூடுதல் டாக்டர் பரிசோதனை என்று விதிகளை இறுக்கினார்கள். நல்ல குதிரையை ஸ்கேன் பார்த்து நிறுத்திவிட்டார்கள் என்று டிரெய்னர்கள் அவ்வப்போது புலம்புவதைக் கேட்கலாம். நிறுத்தட்டும். என் பட்டியலில் முதலில் இருந்த குதிரையே நின்றாலும் எனக்கு வருத்தமில்லை. இந்த நாளையே புறக்கணிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்களோடு நான் சண்டை போடுவதும் இல்லை.

மற்ற ரேஸ்களைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் இரண்டு வயதுக் குட்டிகள் ஓடும், அதில் நான் கை வைப்பதில்லை, ஃபார்ம் (பழைய ஓட்டக் கணக்கு) என்று பார்க்க அவற்றுக்கு ஒன்றுமே இருக்காது. நேர்ப் பாதையில் ஓடுகிற குறுந்தூர ரேஸ்களில் குதிரைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஒன்று உள்வேலி ஓரம், ஒன்று வெளி ஓரம் போகும். முதல் நேர் ரேஸைச் சும்மா பாருங்கள், எந்த ஓரம் வேகமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும், அடுத்த நேர் ரேஸுக்கு அந்தப் பக்கத்துக் கேட்டில் இருப்பதைத் தேடுங்கள். கப்புக்குப் பிறகு வருகிற ரேஸ்களில் கூட்டத்துக்குக் கவனம் இருக்காது. பாதிப் பேர் ஷாம்பெயினில், மீதிப் பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருப்பார்கள். நல்ல ரேட் அப்போதுதான் கிடைக்கும்.

சரி, பணம். ஃபேவரிட்டை வின்னில், அதாவது முதலில் வரும் என்று, கட்டாதீர்கள். 2013ல் ஃபியோரென்டே ஃபேவரிட்டாக ஓடி ஜெயித்த பிறகு இந்த ரேஸில் ஃபேவரிட் மேல் கட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே அதிகம். 24 குதிரை ரேஸில் ஐந்து டாலர் ரேட்டெல்லாம் ரேட்டே இல்லை. மிச்சம் நிற்கிற நாலில் 15லிருந்து 30 டாலர் வரை ரேட் உள்ள ஒன்றை எடுத்து வின், பிளேஸ் (முதல் மூன்றில் வந்தால் போதும்) இரண்டிலும் பாதிப் பாதி. அந்த நாலையும் சேர்த்து டிரைஃபெக்டா பாக்ஸ் (முதல் மூன்று இடமும் இந்த நாலுக்குள், எந்த வரிசையில் வந்தாலும் சரி) கட்டினால் 24 சேர்க்கை வரும், ஒன்றுக்கு ஒரு டாலர் என்றால் 24 டாலர், அது அதிகமாகத் தெரிந்தால் பாதிப் பணத்துக்கும் கட்டலாம், வருகிறதிலும் பாதிதான் வரும். ஆபீஸ் ஸ்வீப்பில் சீட்டு எடுத்து 100 டாலர் ரேட் குதிரை விழுந்துவிட்டதே என்று முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். 2015ல் பிரின்ஸ் ஆஃப் பென்ஸன்ஸ் சீட்டை எடுத்தவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள். மிஷெல் பெய்ன் ஏறி ஓட்டியது, கப் ஜெயித்த முதல் பெண் ஜாக்கி அவர். கேட் நம்பர் குலுக்கலில் அந்தக் குதிரைக்கு 1ஆம் கேட்டை எடுத்துக்கொடுத்தது அவர் அண்ணன் ஸ்டீவி.

சனிக்கிழமை ராத்திரி பட்டியலில் பேனாவை ஓட்டிவிட்டு நாலு பேரையும் இங்கேயே போடுகிறேன். அதற்கு முன்னால் வாட்ஸாப்பில் கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கால்ஃபீல்டு ரேஸின் கடைசி 400 மீட்டரை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், ஜெயித்ததை விட்டுவிட்டு பின்னால் வருவதைப் பாருங்கள்.